கடுதாசியோடு நாமும் போக முடியுமா?

"அக்கா, பணம் வந்துருச்சா?"

அன்று திங்கட்கிழமை. காலையிலிருந்து நாலாவது தடவையாக எதிர்வீட்டுத் தங்கை என் வாசலில் வந்து நின்றாள். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு சாரலில் ஓடி வந்திருந்தாள். கோத்தகிரியில் ஜூன் மாதக் குளிர் பற்றிச் சொல்லவா வேண்டும்? ஆனால் அவள் நடுங்கியது குளிரினால் மட்டுமில்லை. நர்ஸிங் படிக்கும் மகளுக்கு இரண்டாம் வருஷக் கட்டணம் கட்ட, புதன்கிழமைதான் கடைசி நாள். அந்தக் கட்டணப் பணத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய், என் பேச்சை நம்பி, திருப்பூருக்குத் தேயிலைத் தூளாகப் போயிருந்தது.

நான் போட்ட ஒரு கடிதத்தால் வந்த வினை அது. கடிதம்கூட இல்லை, ஒரு கட்டைவிரல் படம்! அந்தக் கதையைச் சொன்னால் உங்களில் யாருக்காவது உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் பன்னிரண்டு பேர். பக்கத்துத் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் வாங்கி, வீட்டில் வைத்து எடை போட்டு, பாக்கெட் செய்து விற்கிறோம். நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆகவே, எழுத்து வேலை எல்லாம் என் தலையில்.

போன வருஷம் திருப்பூர் மளிகைக் கடைக்காரர் ஒருவரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. அதை அப்படியே தருகிறேன்:

"எஸ்.ஆர்.டி. தூள் கால் கிலோ அரைக் கிலோ பாக்கெட் 200 அனுப்பவும் பணம் அடுத்த திங்களுக்குள்"

நான் உரக்கப் படித்தேன். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். கால் கிலோ 200, அரைக் கிலோ 200, ஆக நானூறு பாக்கெட். 150 கிலோ தூள்! கிலோ 180 ரூபாய் வீதம் வாங்கினால் 27,000 ரூபாய் வேண்டும். குழுவின் கையிருப்போ 15,000தான். யோசித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுத் தங்கை, "பாப்பா ஃபீஸ் பணம் இருக்குது. திங்கட்கிழமை வந்துரும்ல அக்கா?" என்றாள்.

"வந்துரும். எழுதியே குடுத்துட்டாரே!" என்றேன் நான், பெரிய மனுஷியாக. கடைக்காரருக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை ஒரு தட்டுத் தட்டி அனுப்பினேன். இரண்டு நாள் ராத்திரி பகல் பார்க்காமல் பாக்கெட் போட்டு லாரியில் ஏற்றினோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் வரை பணம் வரவில்லை. போன் செய்தேன்.

"ஏனுங்கம்மா, அடுத்த திங்கள்னா அடுத்த மாசமுங்க! எங்க கடைக் கணக்கெல்லாம் மாசத்துக்குத்தான். அப்புறம், நான் மொத்தமா இருநூறுதான் கேட்டனுங்க, நூறு நூறா. நீங்க நானூறு அனுப்பிப்போட்டீங்களே!"

எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

அன்று ராத்திரி குழு கூடியபோது பேசாத பேச்சில்லை. "ஏமாத்துறான்" என்றாள் ஒருத்தி. "படிச்சவங்க பாத்துக்குவாங்கன்னு நம்பினோம்" என்றாள் இன்னொருத்தி. அந்தச் சொல்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மறுபடியும் அந்தச் செய்தியை எடுத்துப் படித்தேன். அவர் சொன்ன மாதிரியும் படிக்கலாம். நான் படித்த மாதிரியும் படிக்கலாம்! திங்கள் என்றால் கிழமை, திங்கள் என்றால் மாதம். சர்க்கார் அறிவிப்புகளில் இன்றைக்கும் 'ஜூன் திங்கள்' என்று வருகிறதே! அவர் ஏமாற்றவில்லை. அவர் எழுதியதில் தெளிவில்லை; நானும் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் என் கை வளையல்கள் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. புதன்கிழமை அந்தப் பெண்ணின் கட்டணம் கட்டியாகிவிட்டது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஹெட்கிளார்க் ஐயா சொன்னது

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தூள் வாங்கும் ஒருவருக்குக் கடிதம் டைப் செய்தேன். 'எஸ்.ஆர்.டி.' என்பதில் 'எஸ்' விட்டுப்போய் 'ஆர்.டி.' ஆகிவிட்டது. ஓர் எழுத்துதானே என்று நினைக்காதீர்கள். தேயிலைக்காரர்களுக்கு எஸ்.ஆர்.டி. என்றால் சூப்பர் ரெட் டஸ்ட், ஆர்.டி. என்றால் ரெட் டஸ்ட். இரண்டும் வேறு ரகம், வேறு விலை. ஹெட்கிளார்க் ஐயா கையெழுத்துக்கு அனுப்புமுன் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. என்னை எதிரே உட்கார வைத்து, "ஏம்மா, இந்தக் கடுதாசி போறப்ப நீயும் கூடப் போவியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா."

"அங்கே அவர் தப்பா புரிஞ்சுக்கிட்டா, 'அப்படி இல்லைங்க'ன்னு சொல்ல நீ அங்கே இருக்க மாட்டே. அதனால, உனக்குப் புரியுதான்னு பார்க்காதே. வேற மாதிரி புரிஞ்சுக்க வழி இருக்கான்னு பாரு!"

நேரில் பேசும்போது நம் முகம் பேசுகிறது, கை பேசுகிறது, எதிரே இருப்பவர் புருவத்தைச் சுருக்கினால் உடனே மாற்றிச் சொல்கிறோம். கடிதத்தில் இத்தனை வேலையையும் சொல்லும் புள்ளியும்தான் செய்ய வேண்டும். வியாபாரக் கடிதத்துக்கு அழகு தேவையில்லை; ஒரே ஓர் அர்த்தம் இருந்தால் போதும். இந்தப் பாடத்தை இருபத்திரண்டு வருஷம் ஆபீசில் கடைப்பிடித்தவள், போன் கைக்கு வந்ததும் மறந்துபோனேன்!

எந்தச் சொல் எங்கே?

சில சொற்கள் பார்க்கச் சாதுவாக இருக்கும். காரியத்தில் காலை வாரிவிடும்.

*தலா, மொத்தம்:* எண்ணிக்கை வரும் இடத்தில் இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். "கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட் தலா 100, மொத்தம் 200." இந்த 'தலா' என்ற இரண்டெழுத்து இல்லாததால்தான் என் வளையல் போனது!

*உடனே, விரைவில், சுமார்:* இவையெல்லாம் பேச்சுக்குச் சரி. உங்களுக்கு 'உடனே' என்றால் நாளைக்கு. எதிராளிக்கு அடுத்த வாரம். தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். "28-ஆம் தேதி, வெள்ளிக்கிழமைக்குள்" என்றால் ஒன்று தப்பினாலும் மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

*வரை, முதல்:* "10-ஆம் தேதி வரை கடை விடுமுறை" என்றால் பத்தாம் தேதி கடை உண்டா, இல்லையா? "11-ஆம் தேதி காலை கடை திறக்கும்" என்று ஒரு வரி சேர்த்தால் வம்பில்லை.

*பச்சைத் தேயிலை:* எங்கள் மலையில் இதைச் சொன்னால், செடியிலிருந்து பறித்த கொழுந்து என்று அர்த்தம். அந்தக் கொழுந்து நாலு, நாலரைக் கிலோ இருந்தால் ஒரு கிலோ தூள் கிடைக்கும். சென்னையிலிருந்து ஓர் அம்மாள், "பச்சைத் தேயிலை ஐந்து கிலோ வேண்டும்" என்று எழுதியிருந்தார். அவர் கேட்டது கிரீன் டீ! நம் ஊர்ச் சொல் அடுத்த ஊரில் வேறு பொருள் தரலாம். படிப்பவருக்குப் பழக்கமான சொல்லைப் போடுவதே உத்தமம்.

இதே காரணத்தால், கடைக்காரருக்குக் 'கொட்டேஷன்' என்றே எழுதுகிறேன். அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது 'விலைப்புள்ளி' என்கிறேன். 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்ததிலிருந்து அலுவலகங்களுக்கென்று ஆட்சிச் சொற்கள் வளர்ந்திருக்கின்றன. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று அவர்கள் முறைப்படி எழுதினால் மனு சரியான மேஜைக்குப் போய்ச் சேரும். 'பொருள்' என்ற இடத்தில் "உதவி வேண்டுதல் சம்பந்தமாக" என்று பொதுவாக எழுதாதீர்கள். "குழுக் கடன் தவணைத் தேதியை மாற்றக் கோருதல்" என்று எழுதுங்கள். படிக்கும் குமாஸ்தாவுக்கும் நிம்மதி!

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29-வது பிரிவின்படி, அர்த்தம் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது. அதற்குச் சட்டமே தரும் உதாரணம் நம் சமையலறைக்குப் பொருந்தும். 'நூறு டன் எண்ணெய் விற்கிறேன்' என்று எழுதி, என்ன எண்ணெய் என்று தெரிய வழியே இல்லாவிட்டால் அது செல்லாது. தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி சொன்னால் செல்லும்!

காலும் அரையும் முக்காலும் முழுசும்

நிறுத்தக்குறி என்றதும், "அதெல்லாம் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஓலைச்சுவடிகளில் இவை இல்லை என்பது வாஸ்தவம். அச்சு வந்த பிறகு வந்தவைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் தமிழ் உரைநடையில் இவற்றைப் பழக்கப்படுத்தினார்கள். ஆனால் பெயரைப் பாருங்கள்: காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால் படி, அரைப் படி அளப்பது போல இல்லையா? எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று காட்டும் அளவைகள் இவை.

இந்த இரண்டு வரிகளையும் உரக்கப் படித்துப் பாருங்கள்:

"நேற்று வந்த சரக்கைத் திருப்பி அனுப்பினோம்."

"நேற்று, வந்த சரக்கைத் திருப்பி அனுப்பினோம்."

முதல் வரியில் சரக்கு நேற்று வந்தது. இரண்டாவதில் நேற்று திருப்பி அனுப்பப்பட்டது. லாரிக்காரரிடம் கணக்குக் கேட்கும்போது இந்த ஒரு காற்புள்ளிக்கு விலை உண்டு.

எவ்வளவு விலை என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில், ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் கம்பெனி மீது அதன் லாரி டிரைவர்கள் ஓவர்டைம் பணத்துக்காக வழக்குத் தொடர்ந்தார்கள். ஓவர்டைம் கிடையாது என்று மாநிலச் சட்டம் பட்டியல் போட்டிருந்த வேலைகளில் கடைசியாக, 'அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பொதி கட்டுதல்' என்று பொருள் கொள்ளும்படி ஆங்கிலத்தில் ஒரு தொடர் இருந்தது. 'விநியோகம்' தனி வேலை என்று காட்ட அதற்கு முன்னால் ஒரு காற்புள்ளி இருந்திருக்க வேண்டும், அது இல்லை. டிரைவர்கள் செய்தது விநியோகம், பொதி கட்டவில்லை. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2018-இல் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஒரு காற்புள்ளிக்கு!

நம் தமிழில் புள்ளி வைத்த ஒற்றெழுத்தும் இப்படித்தான். "நீங்கள் தந்த பெட்டி கிடைத்தது" என்றால் நீங்கள் கொடுத்த பெட்டி. 'தந்தப் பெட்டி' என்று ஒரு 'ப்' சேர்ந்துவிட்டால் யானைத் தந்தத்தில் செய்த பெட்டி! எங்கள் நீலகிரியில் அப்படி எழுதினால் வனத்துறையினர் வாசலில் வந்து நிற்பார்கள்!

பணம் என்றால் இரட்டைக் காவல்

தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். செக்கில் இரண்டும் வேறுபட்டால், 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-வது பிரிவுப்படி எழுத்தால் எழுதிய தொகையே கணக்கு. (நடைமுறையில் அப்படிப்பட்ட செக்கை வங்கி திருப்பிவிடவும் கூடும். ஆகவே ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.) எண்ணுக்குப் பின் '/-' என்ற கோடும், எழுத்துக்குப் பின் 'மட்டும்' என்ற சொல்லும், பின்னால் யாரும் எதையும் நுழைக்காமல் இருக்கப் போடும் தாழ்ப்பாள்.

எழுத்தால் எழுதும்போது 300 என்பது முந்நூறு, முன்னூறு அல்ல. 500 என்பது ஐந்நூறு. லட்சத்துக்கு நம் முறையில் 1,00,000 என்று காற்புள்ளி போட வேண்டும். வெளிநாட்டு முறையில் 100,000 என்று வரும். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

கட்டைவிரல் என்ன சொல்கிறது?

என் பெரிய தப்பு இதுதான். நான் அனுப்பிய கட்டைவிரலுக்கு அர்த்தம் 'பார்த்தேன்' என்பதா, 'சம்மதம்' என்பதா? 2021-இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் ஆளிவிதை விற்கும் விவசாயி ஒருவருக்கு, வாங்குபவர் ஒப்பந்தத்தைப் போனில் அனுப்பினார். விவசாயி கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினார். 'கிடைத்தது என்றுதான் சொன்னேன்' என்று பிறகு வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர்களுக்குள் முன்பும் இப்படிச் சுருக்கமாகப் பதில் சொல்லி வியாபாரம் நடந்திருந்ததால், அது கையெழுத்துக்குச் சமம் என்று 2023-இல் தீர்ப்பளித்தது. சரக்கு கொடுக்காததற்காக அவர் சுமார் 82,000 கனடா டாலர் கட்ட வேண்டியதாயிற்று.

அதனால் இப்போது நான் படம் அனுப்புவதே இல்லை. வந்த ஆர்டரை என் வார்த்தையில், எண் போட்டுத் திருப்பி எழுதி, "இது சரியா? சரி என்று பதில் வந்த பிறகு அனுப்புகிறோம்" என்று முடிக்கிறேன். இரண்டு நிமிஷ வேலை. இரண்டு வளையல் மிச்சம்!

கோபம் ஆறிய பிறகு எழுதிய கடிதம்

செவ்வாய்க்கிழமை ராத்திரி கடைக்காரருக்கு முதலில் ஒரு கடிதம் எழுதினேன். "நீங்கள் செய்தது நியாயமா?" என்று ஆரம்பித்து, ஏழு ஆச்சரியக்குறி! ஹெட்கிளார்க் ஐயா ஞாபகம் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, காலையில் இப்படி எழுதினேன்:

"ஐயா, வணக்கம். 11-ஆம் தேதி தாங்கள் அனுப்பிய செய்தியில் 'கால் கிலோ அரைக் கிலோ பாக்கெட் 200' என்று இருந்தது. நாங்கள் தலா 200 என்று புரிந்துகொண்டோம். அனுப்பும் முன் கேட்டுக்கொள்ளாதது எங்கள் தவறு.

1. தாங்கள் கேட்டது: தலா 100, மொத்தம் 200 பாக்கெட் (75 கிலோ). கிலோ ரூ.230 வீதம் தொகை ரூ.17,250/- (பதினேழாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய் மட்டும்).

2. கூடுதலாக வந்தது: தலா 100, மொத்தம் 200 பாக்கெட். வைத்துக்கொள்ள முடிந்ததை வைத்துக்கொண்டு, மற்றதைத் திருப்பி அனுப்பவும். லாரி வாடகை எங்கள் பொறுப்பு.

3. எங்கள் உறுப்பினர் ஒருவர், மகளின் படிப்புக் கட்டணத்தை இதில் போட்டிருக்கிறார். ஆகவே, முதல் தொகையை மட்டும் இம்மாதம் 28-ஆம் தேதி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பி உதவ வேண்டுகிறோம்."

இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. 'பாதம் பணிந்து' என்றெல்லாம் எழுதவில்லை. யார், என்ன, எத்தனை, எவ்வளவு, எப்போது என்ற ஐந்துக்கும் பதில் இருந்தது. அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். "நானும் செரியா எழுதலீங்கம்மா. பொண்ணு படிப்புன்னு முன்னாலயே சொல்லியிருந்தா அப்பவே அனுப்பியிருப்பனுங்க" என்றார். 26-ஆம் தேதியே 17,250 ரூபாய் வந்தது. கூடுதல் கால் கிலோ பாக்கெட்டுகளையும் அவரே வைத்துக்கொண்டு, அதற்கான பணத்தை அடுத்த மாதம் கொடுத்தார். அரைக் கிலோ நூறும் திரும்பி வந்தன. சொந்தக்காரர், தெரிந்தவர் என்று விற்றுத் தீர்க்க மூன்று மாதம் ஆயிற்று. கடைசிப் பாக்கெட் விற்ற பிறகுதான் என் வளையல் வீட்டுக்கு வந்தது.

எதிர்வீட்டுத் தங்கை இப்போது குழுவில் என் கூட உட்கார்ந்து கடிதம் எழுதப் பழகுகிறாள். போன வாரம் நான் எழுதிய ஓர் ஆர்டர் பதிலைப் படித்துவிட்டு, "அக்கா, 'ரெண்டு நாளில் வரும்'னு எழுதியிருக்கீங்களே. ரெண்டு நாள் எதுலேர்ந்து? நாம அனுப்புற நாள்லேர்ந்தா, அவங்க பணம் போடுற நாள்லேர்ந்தா?" என்று கேட்டாள்.

பேசாமல் பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டேன்.